கார்பன் இல்லாம உயிர் இருக்க முடியுமா? உமிச் சாம்பல்ல இருந்து ஆரம்பிப்போம்

எங்க ஊர் ரைஸ் மில்லுக்குப் பின்னாடி ஒரு சாம்பல் மேடு இருக்கும். நெல்லு அவிக்கிற பாய்லருக்கு உமியைத்தான் போட்டு எரிப்பாங்க, எரிஞ்சதை அங்கதான் கொட்டுவாங்க, சின்ன வயசுல பள்ளிக்கூடம் விட்டு வந்தா அந்த மேட்டுலதான் எங்க விளையாட்டு. அந்தச் சாம்பலை ஒரு பிடி அள்ளி கண்ணுக்குப் பக்கத்துல வச்சுப் பாத்தா ஒண்ணு தெரியும், விறகுச் சாம்பல் மாதிரி அது மாவா உதிர்ந்திருக்காது, ஒவ்வொரு உமியும் சின்னப் படகு மாதிரி இருந்த அதே வடிவத்துலயே வெளுத்துப்போய்க் கிடக்கும், விரல்ல வச்சுத் தேய்ச்சா நறநறன்னு மணல் மாதிரி இருக்கும்.

மணல் மாதிரி என்ன, மணலேதான். 100 கிலோ உமி எரிச்சா சுமார் 20 கிலோ சாம்பல் மிஞ்சும், அதுல பெரும்பகுதி சிலிக்கா, அதாவது சிலிக்கானும் ஆக்சிஜனும் சேர்ந்தது. உமியில இருந்த கார்பன் எங்க போச்சுன்னா, அதே ஆக்சிஜனோட சேர்ந்து கார்பன் டை ஆக்சைடா மாறி புகைபோக்கி வழியா காத்துல கலந்துடுச்சு. ஒரே உமி, ஒரே தீ, ஒரே ஆக்சிஜன், ஆனா கார்பன் காத்தா போயிடுச்சு, சிலிக்கான் கல்லா உக்காந்துடுச்சு. இந்தக் காட்சியை மட்டும் மனசுல வச்சுக்கோங்க, கட்டுரையில பாதி இதுக்குள்ளயே இருக்கு.

போன மாசம் அக்கா பையன் வந்திருந்தான், பிளஸ் ஒன் படிக்கிறான். "மாமா, சிலிக்கானும் கார்பன் மாதிரிதானாமே, வேற கிரகத்துல சிலிக்கான்ல உயிர் இருக்குமாமே, கல்லு மாதிரி நடக்குமா?"ன்னு கேட்டான். நல்ல கேள்விதான், ஆனா அவன் பாத்த வீடியோவுல மூணு நாலு வேற வேற விஷயத்தைப் போட்டுக் குழப்பி வச்சிருந்தாங்க. சிலிக்கான் உயிருன்னு ஆரம்பிச்சு, ஆர்சனிக் பாக்டீரியாவுக்குத் தாவி, கடைசியில கம்ப்யூட்டர் சிப்பும் சிலிக்கான்தானே அதுவும் உயிர்தானேன்னு முடிச்சிருந்தாங்க. அவனுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்க எழுதுறேன், ஏன்னா இந்தக் குழப்பம் அவனுக்கு மட்டும் இல்ல.

முதல்ல அந்தச் சிப் விஷயத்தை ஓரமா எடுத்து வச்சிடுவோம். சிப்புக்குள்ள சிலிக்கான் அணு எதுவும் நகர்றது இல்ல, அது செங்கல் மாதிரி நின்ன இடத்துல நிக்குது, எலெக்ட்ரான் மட்டும்தான் ஓடுது. நாம கேக்கிறது அணுக்களே சேர்ந்து பிரிஞ்சு, சாப்பிட்டு வளர்ந்து, தன்னை மாதிரி இன்னொண்ணை உருவாக்குற வேதியியலைப் பத்தி. ரெண்டுக்கும் பேரு மட்டும்தான் ஒண்ணு.

கேள்வி ஒண்ணு இல்ல, மூணு

"வேற வேதியியல்ல உயிர்"னு சொல்லும்போது மூணு கேள்வி ஒண்ணுக்குள்ள ஒண்ணு சிக்கிக்கிட்டு இருக்கு. சமையலை வச்சு பிரிச்சிடலாம். எந்தத் தானியத்துல செய்யிறோம்னு ஒரு கேள்வி, அரிசியா ராகியா சோளமா. அதை எதுல வேக வைக்கிறோம்னு ரெண்டாவது, தண்ணியா எண்ணெயா. செய்முறையை எந்த எழுத்துல எழுதி வச்சிருக்கோம்னு மூணாவது.

உயிர்லயும் அதே மாதிரிதான். உடம்போட மூலக்கூறுகளுக்கு எலும்புக்கூடா நிக்கிற அணு எது (நமக்கு கார்பன்), அந்த மூலக்கூறுகள் மிதக்குற திரவம் எது (நமக்கு தண்ணி), பரம்பரைத் தகவலை எழுதி வைக்கிற எழுத்து எது (நமக்கு டிஎன்ஏவோட நாலு எழுத்து). ஜனங்க அதிகமா பேசுறது முதல் கேள்வியைத்தான், ஆனா என்னைக் கேட்டா மாற்று வழி கிடைக்க வாய்ப்பு ரொம்பக் கம்மியா இருக்கிறதும் அதுலதான், மத்த ரெண்டுலயும் இடம் நிறைய இருக்கு.

பூக்காரம்மா போடுற முடிச்சு

அணுக்கள் ஒண்ணோட ஒண்ணு கை கோத்துக்கிறதுக்குப் பேரு பிணைப்பு. உயிருக்கு எந்த மாதிரி பிணைப்பு வேணும்னு புரிஞ்சுக்க பூ கட்டுறதைப் பாத்தாப் போதும். பூக்காரம்மா வாழைநாரை நனைச்சு வச்சுக்கிட்டு ரெண்டு பூ இந்தப் பக்கம் ரெண்டு பூ அந்தப் பக்கம் வச்சு ஒரு சுத்து சுத்தி இழுப்பாங்க. அந்த முடிச்சு தலையில வச்சா உதிரக்கூடாது, அதே நேரம் தப்பாக் கட்டிட்டா அவிழ்த்து திரும்பக் கட்டவும் வரணும். ரொம்ப லூசா இருந்தா மாலையே நிக்காது, பசை போட்டு ஒட்டிட்டா அதுக்கப்புறம் ஒண்ணும் பண்ண முடியாது.

உயிருன்னா இந்த வேலைதான் ஒரு நொடிகூட நிக்காம நடந்துக்கிட்டே இருக்கிறது. நீங்க மத்தியானம் சாப்பிட்ட சாதத்தோட முடிச்சையெல்லாம் அவிழ்த்து அதே அணுக்களை வச்சு வேற முடிச்சு போட்டுக்கிட்டே இருக்கு உங்க உடம்பு. அதனால ஒரு அணு உயிருக்கு உதவுமான்னு கேட்டா, அதுக்கு எத்தனை கை இருக்குன்னு மட்டும் பாக்கக்கூடாது, அந்தக் கை கோக்கவும் விடவும் சம அளவுல தயாரா இருக்கான்னு பாக்கணும். வீடியோக்கள்ல விட்டுப்போறது இதுதான்.

கார்பனோட கணக்கு

கார்பனுக்கு நாலு கை. ஒரே நேரத்துல நாலு அணுவோட சேரலாம், இன்னொரு கார்பனோட ஒரு கையாலயும் கோக்கலாம், ரெண்டு மூணு கையாலயும் கோக்கலாம், நீளமா சங்கிலி போடலாம், கிளை விடலாம், வளையமா சுத்தலாம். ஒரே மாதிரி துண்டுகள் சங்கிலியா நீண்டு போறதுக்கு பாலிமர்னு பேரு, ஸ்டார்ச், புரோட்டீன், டிஎன்ஏ எல்லாமே அந்த வகைதான்.

ஆனா கார்பனோட உண்மையான பலம் விலைப்பட்டியல்ல இருக்கு. ஒரு பிணைப்பை உடைக்க எவ்வளவு ஆற்றல் வேணும்னு அளந்து வச்சிருக்காங்க, ஒரு மோலுக்கு இத்தனை கிலோஜூல்னு சொல்லுவாங்க, நமக்கு அந்த அலகு முக்கியமில்ல, எண்களை மட்டும் ஒப்பிடுங்க. கார்பனும் கார்பனும் சேர்ந்தது சுமார் 346. கார்பனும் ஆக்சிஜனும் சேர்ந்தது சுமார் 358. கார்பனும் நைட்ரஜனும் சுமார் 305. எல்லாம் கிட்டத்தட்ட ஒரே விலை, அதனால ஒரு கையை விட்டுட்டு இன்னொரு கையைப் பிடிக்கிறதுக்கு பெரிய லாபமும் இல்ல நஷ்டமும் இல்ல, சமதரையில நடக்கிற மாதிரி முன்னாடியும் போகலாம் பின்னாடியும் வரலாம்.

சிலிக்கானுக்கும் நாலு கைதான், அப்புறம் என்ன பிரச்சனை

பீரியாடிக் டேபிள்ல கார்பனுக்கு நேர் கீழ உக்காந்திருக்கு சிலிக்கான், அதுக்கும் நாலு கை. 1891லயே ஜெர்மனியில யூலியுஸ் ஷைனர்னு ஒரு விண்வெளி இயற்பியலாளர் சிலிக்கான்ல உயிர் இருக்கலாமோன்னு எழுதிட்டாரு, அதனால இது யூடியூப் காலத்து யோசனை இல்ல, 130 வருஷத்துக்கு மேல பழசு.

இப்ப அதோட விலைப்பட்டியலைப் பாருங்க. சிலிக்கானும் சிலிக்கானும் சேர்ந்தது சுமார் 222. சிலிக்கானும் ஆக்சிஜனும் சேர்ந்தது சுமார் 452. ரெண்டு மடங்கு. சமதரை போய் செங்குத்துப் பள்ளம் ஆயிடுச்சு, சிலிக்கான் சங்கிலி பக்கத்துல ஆக்சிஜன் வந்தா போதும், பக்கத்துக் கையை விட்டுட்டு ஆக்சிஜனைப் போய்ப் பிடிச்சுக்கும், பிடிச்சா விடாது. பூக்காரம்மா கணக்குல சொன்னா ஒரு முடிச்சு தொட்டா அவிழுது, இன்னொண்ணு பசை போட்டு ஒட்டுனது, நடுவுல வேலைக்கு ஆகுற முடிச்சே இல்ல.

இதைக் கண்ணால பாக்குற மாதிரி ஒரு உதாரணம் இருக்கு. ஒரு கார்பன் நாலு ஹைட்ரஜன் சேர்ந்தா மீத்தேன், சாண எரிவாயு அடுப்புல எரியிற அதே வாயு, தீக்குச்சி கிழிச்சாத்தான் பத்தும். ஒரு சிலிக்கான் நாலு ஹைட்ரஜன் சேர்ந்தா சைலேன், அதைக் காத்துல திறந்து விட்டாலே தானா தீப்பிடிக்கும், தீக்குச்சியே தேவையில்ல. அமைப்பு ஒண்ணுதான், குணத்துல எவ்வளவு தூரம் பாருங்க.

இப்ப உமிச் சாம்பலுக்குத் திரும்பி வருவோம். நாம கார்பனை எரிச்சு ஆற்றல் எடுத்து கழிவை மூச்சா வெளிய விடுறோம், அது வாயு, சுலபமாப் போயிடுது, காத்துல கலந்து செடிக்குப் போய்ச் சேருது, செடி அதைத் திரும்ப சர்க்கரை ஆக்குது. சிலிக்கான் உயிரு ஒண்ணு ஆக்சிஜனை மூச்சு இழுத்தா அது வெளிய விட வேண்டிய கழிவு சிலிக்கா, கிட்டத்தட்ட 1,700 டிகிரி செல்சியஸ் சூடு பண்ணாத்தான் உருகவே செய்யும். ஒவ்வொரு மூச்சுக்கும் உடம்புக்குள்ள மணல் சேர்ந்துக்கிட்டே போகும். அந்த மணலை எடுத்துத் திரும்பச் சாப்பாடு ஆக்குறதுக்கு எந்தச் செடியாலயும் சுலபத்துல முடியாது, ஏன்னா அந்த 452 முடிச்சை அவிழ்க்கணும்.

இன்னொரு சாட்சி நம்ம காலடியிலயே இருக்கு. பூமியோட மேலோட்டுல எடைக்கு சுமார் 28 சதவீதம் சிலிக்கான், கார்பன் ஒரு சதவீதத்துல நூத்துல சில பங்குதான். கால் வச்ச இடமெல்லாம் சிலிக்கான் கொட்டிக் கிடந்தும் இங்க உயிரு தேடிப் பொறுக்கி கார்பனைத்தான் எடுத்துக்கிச்சு. சிலிக்கானைத் தொடவே இல்லைன்னும் சொல்ல முடியாது, கரும்புத் தோட்டத்துக்குள்ள அரைக்கைச் சட்டையோட போனவங்களைக் கேளுங்க, தோகை கையெல்லாம் கீறி விட்டுடும், அந்த விளிம்புல இருக்கிறது சிலிக்காதான். நெல்லு உமியில வச்சுக்குது, கடல்ல டயாட்டம்னு கண்ணுக்குத் தெரியாத பாசி ஒண்ணு தன் ஓட்டையே சிலிக்காவுல கட்டிக்குது. வேலி போட, கவசம் போட சிலிக்கான். உள்ள குடும்பம் நடத்த கார்பன். கோடிக்கணக்கான வருஷமா ரெண்டையும் கையில வச்சிருந்து செடிகள் பிரிச்சுக்கிட்ட வேலை இது.

இதுல ஒரு நியாயமான மறுப்பு இருக்கு, அதையும் சொல்லிடணும். பூமியில தண்ணியும் ஆக்சிஜனும் நிறைய, சிலிக்கானுக்கு இதைவிட மோசமான இடம் கிடையாது, அதனால இங்க நடக்கலைங்கிறதை வச்சு எங்கயும் நடக்காதுன்னு சொல்லிட முடியாது. சரிதான். ஆனா சூரியன் மாதிரி நட்சத்திரங்கள்ல ஒரு சிலிக்கான் அணுவுக்கு சுமார் 8 கார்பன் அணு இருக்கு, விண்வெளி மேகங்கள்ல கண்டுபிடிச்சிருக்கிற மூலக்கூறுகள்லயும் கார்பன் இருக்கிறதுதான் பெரும்பாலும், சிலிக்கான் அங்கயும் ஆக்சிஜனோட சேர்ந்து தூசியா போயிடுது. ஆக்சிஜன் பிரபஞ்சத்துல மூணாவது அதிகமான தனிமம், அதுகிட்ட இருந்து தப்பிச்சு சிலிக்கான் எங்க போய் ஒளியும்?

இதுவரைக்கும் வந்ததைச் சுருக்கிப் பாத்தா: நாலு கை இருந்தா மட்டும் பத்தாது, கட்டவும் அவிழ்க்கவும் ஒரே மாதிரி விலை இருக்கணும். கார்பனுக்கு இருக்கு. சிலிக்கானுக்கு ஆக்சிஜன் இருக்கிற இடத்துல இல்ல.

சிலிக்கானை உயிருக்குள்ள கொண்டு வர முடியாதா

முழு எலும்புக்கூடா வர்றது கஷ்டம்னாலும் கார்பன் வீட்டுக்குள்ள விருந்தாளியா வரலாம். இயற்கையில எந்த உயிரும் கார்பனையும் சிலிக்கானையும் நேரடியாக் கோத்ததா இதுவரைக்கும் தெரியல. ஆனா 2016ல அமெரிக்காவுல கால்டெக்ங்கிற ஆய்வுப் பல்கலைக்கழகத்துல பிரான்சஸ் அர்னால்டோட குழு ஒரு வேலை செஞ்சாங்க, ஐஸ்லாந்து வெந்நீர் ஊற்றுல வாழுற ஒரு பாக்டீரியாவோட புரோட்டீனை எடுத்து, அதுல சின்னச் சின்ன மாற்றம் பண்ணி, நல்லா வேலை செய்யிறதை மட்டும் பொறுக்கி, திரும்ப மாத்தி, திரும்பப் பொறுக்கி, விதை நெல் தேர்ந்தெடுக்கிற மாதிரியே பண்ணிப் பாத்தாங்க. அந்தப் புரோட்டீன் கார்பன்-சிலிக்கான் முடிச்சு போடக் கத்துக்கிச்சு, அதுவும் மனுஷங்க தயாரிச்ச நல்ல வினையூக்கிகளைவிட (வேதிவினையை வேகப்படுத்துற பொருள்) 15 மடங்கு வரைக்கும் திறமையா. இந்தத் தேர்ந்தெடுக்கிற முறைக்காகத்தான் அவங்களுக்கு 2018ல வேதியியல் நோபல் கிடைச்சது. அதாவது கதவு பூட்டி இல்ல, தேவை வந்தா உயிரு திறந்துக்கும்.

ரெண்டாவது கேள்வி: தண்ணியே வேணுமா

வத்தல், அப்பளம், கருவாடு இதெல்லாம் ஏன் மாசக்கணக்கா கெடாம இருக்கு? அதுல சத்து இல்லாம இல்ல, கிருமிக்குத் தேவையான எல்லாமே இருக்கு, தண்ணி மட்டும்தான் இல்ல. மழைக்காலத்துல டப்பா மூடி லூசா இருந்து ஈரம் ஏறிடுச்சுன்னா அதே வத்தல் நாலு நாள்ல பூஞ்சை பிடிச்சிடும். மூலக்கூறுகள் ஒண்ணை ஒண்ணு தேடிப் போய்ச் சந்திக்கிறதுக்கு ஒரு திரவம் வேணும், அந்தத் திரவத்துக்குப் பேரு கரைப்பான். திடப்பொருள்ல எல்லாம் நின்ன இடத்துல நின்னுடும், வாயுல எல்லாம் சிதறிப் போயிடும், திரவத்துலதான் சந்தை கூடும்.

தண்ணிக்குச் சில தனித் திறமை இருக்கு. அதோட மூலக்கூறுக்கு ஒரு பக்கம் லேசா பிளஸ், இன்னொரு பக்கம் லேசா மைனஸ், அதனால உப்பு, சர்க்கரை, புரோட்டீன்னு நிறையப் பொருளைக் கரைக்கும். எண்ணெய் மாதிரி பொருளை ஒதுக்கித் தள்ளும், அந்தத் தள்ளுனதுலதான் நம்ம செல்லோட மெல்லிய வெளி உறையே உருவாகுது. உறைஞ்சா மிதக்கும், அதனால ஏரி மேல மூடிக்கிட்டாலும் கீழ மீன் பிழைச்சுக்கும். ஆனா இது மட்டும்தான் திரவமா?

அம்மோனியாவை எடுத்துக்கலாம், சாதாரண அழுத்தத்துல மைனஸ் 78ல இருந்து மைனஸ் 33 டிகிரி வரைக்கும் திரவம், தண்ணியோட கலந்தா சுமார் மைனஸ் 97 வரைக்கும்கூட உறையாது, தண்ணி மாதிரியே நிறையக் கரைக்கும். வெள்ளி கிரகத்து மேகங்கள்ல கந்தக அமிலம் துளித்துளியா இருக்கு, கையில பட்டா சதை வெந்துபோற அதே அமிலம்தான். அதுல எதுவும் தாங்காதுன்னுதான் எல்லாரும் நினைச்சோம், ஆனா 2023ல விண்ணியல் ஆய்வாளர் சாரா சீகரோட குழு டிஎன்ஏ எழுத்துக்களோட அடிப்படை மூலக்கூறுகளை 98 சதவீத கந்தக அமிலத்துல போட்டு வாரக்கணக்கா வச்சுப் பாத்தாங்க, அதெல்லாம் உடையாம அப்படியே இருந்துச்சு. இதனால அங்க உயிரு இருக்குன்னு ஆயிடாது, நாம "முடியாது"ன்னு சொன்னது அவசரப்பட்டுச் சொன்னதுன்னுதான் அர்த்தம்.

டைட்டன்: மாவு புளிக்காத ஊரு

எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் சனி கிரகத்தோட நிலா டைட்டன். 2005 ஜனவரி 14ஆம் தேதி ஹைகன்ஸ்ங்கிற கருவி பாராசூட்ல அங்க போய் இறங்குச்சு. அது அனுப்புன படத்தைப் பாருங்க, ஆத்துப் படுகையில உருண்டு தேஞ்ச கூழாங்கல் மாதிரியே கிடக்கும், ஆனா அதெல்லாம் பனிக்கட்டி, அந்தக் குளிர்ல தண்ணிதான் அங்க பாறை. தரையில வெப்பநிலை சுமார் மைனஸ் 179 டிகிரி. மழை பெய்யும், ஓடை ஓடும், கடல்னு சொல்ற அளவுக்கு ஏரி இருக்கு, எல்லாம் மீத்தேனும் ஈத்தேனும். நம்ம பூமியைத் தவிர நிலையான திரவம் தரையில தேங்கி நிக்கிறதா நமக்குத் தெரிஞ்ச ஒரே இடம் அது. மேல வானத்துல இருந்து கார்பன் மூலக்கூறுகள் புகைமூட்டமா இறங்கிக்கிட்டே இருக்கு.

அங்க உயிருக்கு ரெண்டு தடை. ஒண்ணு வேகம். தோசை மாவை அரைச்சு வெளிய வச்சா காலையில பொங்கி நிக்கும், ஃபிரிட்ஜ்ல வச்சா நாலு நாள் ஆனாலும் பெருசா புளிக்காது, குளிர்ல வேதிவினை மெதுவாகுது. பொதுவா 10 டிகிரி குறைஞ்சா வேகம் பாதியாகும்னு ஒரு தோராயக் கணக்கு உண்டு. 30 டிகிரியில இருந்து மைனஸ் 180 வரைக்கும் போனா 21 தடவை பாதியாகணும், அதாவது சுமார் 20 லட்சம் மடங்கு மெதுவு, நிஜத்துல அதைவிடவும் மோசமாத்தான் குறையும். அங்க உயிருன்னு ஒண்ணு இருந்தா அது நம்ம கண்ணுக்கு அசையாத கல்லாத்தான் தெரியும், பையன் கேட்ட "கல்லு மாதிரி"ங்கிறதுக்கு ஓரளவு பக்கத்துல வர்றது சிலிக்கான் இல்ல, இதுதான்.

ரெண்டாவது தடை கரையிறது. மீத்தேன் எண்ணெய் சாதி, உப்பு, சர்க்கரை, டிஎன்ஏ எதுவுமே அதுல கரையாது, அந்தக் குளிர்ல எண்ணெய்ப் பொருளே பெருசா கரையாது. செல் உறையும் தலைகீழா இருக்கணும். 2015ல கார்னெல் பல்கலைக்கழகத்துல ஒரு குழு கம்ப்யூட்டர்ல கணக்குப் போட்டு, அக்ரிலோநைட்ரைல்ங்கிற மூலக்கூறு மீத்தேன்ல சேர்ந்து நம்ம செல் உறை மாதிரியே நெகிழ்வான உறை ஆகலாம்னு சொன்னாங்க. 2017ல அந்த மூலக்கூறு டைட்டன் காத்துல இருக்குன்னு சிலியில இருக்கிற அல்மா தொலைநோக்கி உறுதி பண்ணுச்சு, எல்லாருக்கும் சந்தோஷம். 2020ல இன்னொரு குழு இன்னும் நுணுக்கமாக் கணக்குப் போட்டு, அந்த உறை தானா உருவாகாது, அதைவிட சும்மா படிகமா உறைஞ்சு போறதுதான் அந்த மூலக்கூறுக்கு லாபம்னு காட்டிட்டாங்க. அறிவியல் நடக்கிற விதமே இதுதான், கட்டுவாங்க, அவிழ்ப்பாங்க.

ஒண்ணைக் கவனிங்க, டைட்டன் கதையில எலும்புக்கூடு கார்பன்தான், மாறுனது திரவம் மட்டும். முதல் கேள்வியையும் ரெண்டாவது கேள்வியையும் பிரிச்சு வைக்கணும்னு சொன்னது இதுக்காகத்தான்.

ஆர்சனிக் பாக்டீரியா: உண்மையில என்ன நடந்துச்சு

"நாசாவே ஆர்சனிக்ல வாழுற உயிரைக் கண்டுபிடிச்சிடுச்சு"ன்னு இன்னமும் சுத்துற செய்தியைப் பத்திக் கொஞ்சம் நிதானமாவே சொல்லணும், ஏன்னா அதிகமாத் தப்பாப் பரவுனது இதுதான்.

ஆர்சனிக்னா நம்ம ஊர்ல வெள்ளைப் பாஷாணம்னு சொல்றோமே அதுல இருக்கிற தனிமம். பீரியாடிக் டேபிள்ல பாஸ்பரசுக்கு நேர் கீழ இருக்கு, கார்பனுக்குக் கீழ சிலிக்கான் மாதிரியே. டிஎன்ஏ ஏணியோட ரெண்டு பக்கக் கம்பும் பாஸ்பேட்டாலதான் (பாஸ்பரசும் ஆக்சிஜனும் சேர்ந்தது) கோத்திருக்கு, பாஸ்பரஸ் இல்லாம டிஎன்ஏ இல்ல. ஆர்சனிக் விஷமா இருக்கிறதுக்கு ஒரு காரணம், உடம்பு அதைப் பாஸ்பரஸ்னு ஏமாந்து உள்ள சேர்த்துக்குது, சேர்த்த இடத்துல அது நிக்கிறது இல்ல.

2010 டிசம்பர்ல பெலிசா உல்ஃப்-சைமனும் கூட இருந்தவங்களும் சயின்ஸ் இதழ்ல ஒரு கட்டுரை வெளியிட்டாங்க, நாசா பத்திரிகையாளர் கூட்டமே நடத்துச்சு. கலிபோர்னியாவுல மோனோ ஏரின்னு உப்பும் காரமும் ஆர்சனிக்கும் நிறைஞ்ச ஏரி, அதுல எடுத்த ஜிஎஃப்ஏஜே-1ங்கிற பாக்டீரியாவுக்குப் பாஸ்பரஸ் கொடுக்காம ஆர்சனிக் கொடுத்து வளர்த்ததுல, அது டிஎன்ஏவுலயே பாஸ்பரசுக்குப் பதிலா ஆர்சனிக்கைச் சேர்த்துக்கிச்சுன்னு சொன்னாங்க. உலகமே துள்ளுச்சு.

வேதியியல் தெரிஞ்சவங்களுக்கு உடனே உறுத்துச்சு. பாஸ்பேட் முடிச்சு தண்ணிக்குள்ள கோடிக்கணக்கான வருஷம் தாங்கும்னு கணக்கு, அதே இடத்துல ஆர்சனிக் முடிச்சு ஒரு நொடிகூடத் தாங்காது. தண்ணியிலயே வாழுற ஒரு உயிரு தன்னோட பரம்பரைப் புத்தகத்தை அப்படி ஒரு நூல்ல எப்படித் தைக்கும்? 2012ல ரெண்டு தனித்தனிக் குழு சோதிச்சுப் பாத்தாங்க, ஒண்ணுல நுண்ணுயிரியலாளர் ரோஸி ரெட்ஃபீல்ட் இருந்தாங்க. டிஎன்ஏவுல ஆர்சனிக் சேர்ந்ததுக்கு ஆதாரம் கிடைக்கல. கொடுத்த உப்புகள்ல கலந்திருந்த துளிப் பாஸ்பேட்டை வச்சே அந்தப் பாக்டீரியா பிழைச்சிருக்கு, ஆர்சனிக் கடலுக்குள்ள இருந்துக்கிட்டு பாஸ்பேட்டை மட்டும் பொறுக்கி எடுக்கிறதுல அது கெட்டிக்காரி. 2025 ஜூலையில சயின்ஸ் இதழ் அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கிச்சு, மோசடின்னு சொல்லல, சோதனை அந்த முடிவைத் தாங்கலைன்னு சொன்னாங்க, எழுதினவங்க அதை ஏத்துக்கல.

எனக்கு இதுல ஆச்சரியம் வேற. ஆர்சனிக் உயிரைத் தேடிப் போனவங்களுக்குக் கிடைச்சது, ஆயிரக்கணக்கான மடங்கு ஆர்சனிக் சுத்தி இருந்தும் பாஸ்பரசை விட்டுக்கொடுக்காத ஒரு உயிரு. சிலிக்கான் மேல நின்னுக்கிட்டு கார்பனைத் தேடின அதே பிடிவாதம்தான் இங்கயும்.

மூணாவது கேள்வி: எழுத்தை மாத்தலாமா

இங்கதான் பதில் "ஆமா, மாத்தியாச்சு". நம்ம டிஎன்ஏவுல நாலு எழுத்து. 2014ல பிளாய்ட் ரோம்ஸ்பெர்கோட ஆய்வுக்கூடத்துல இ.கோலை பாக்டீரியாவுக்குள்ள இயற்கையில இல்லாத ஒரு ஜோடி எழுத்தைச் சேர்த்து, அது பெருகும்போது அந்த எழுத்தும் சேர்ந்து நகல் ஆகுறதைக் காட்டுனாங்க. 2019ல ஸ்டீவன் பென்னரோட குழு எட்டு எழுத்து டிஎன்ஏ செஞ்சாங்க, பேரு ஹச்சிமோஜி, ஜப்பான் மொழியில எட்டு எழுத்துன்னு அர்த்தம், சோதனைக் குழாய்லதான், ஆனா அழகா முறுக்கிக்கிட்டு ஏணியா நின்னுச்சு. அப்ப நாலு எழுத்துங்கிறது விதி இல்ல, பூமியில முதல்ல அமைஞ்சது அது, அவ்வளவுதான். தமிழுக்கு 247 எழுத்து, இங்கிலீசுக்கு 26, ரெண்டுலயும் கடிதம் எழுதலாம்.

அப்ப எதை வச்சுத் தேடுறது

1976ல நாசாவோட வைக்கிங் கருவிகள் ரெண்டு செவ்வாய்ல இறங்குனப்போ, அங்க மண்ணுல சத்துக் கலந்த தண்ணியை ஊத்தி எதாவது சாப்பிடுதான்னு பாத்தாங்க. செவ்வாய்க் கிருமி நம்ம ஊர்க் கஞ்சியைக் குடிக்கும்னு நம்பி வச்ச சோதனை அது. இப்ப அப்படி நம்பாம தேடுறதுக்கு ஒரு வழி யோசிச்சிருக்காங்க, எனக்கு இதுதான் இந்த விஷயத்துலயே அழகான பகுதி.

வீட்டு வாசல்ல கிடக்கிற செருப்பைப் பாருங்க, இடது வலதுன்னு சோடி சோடியா இருக்கும், உருவம் ஒண்ணுதான், ஆனா இடது கால் செருப்பை வலது கால்ல போட முடியாது. கார்பன் மூலக்கூறுகள்ல நிறைய இப்படி இடது வலதுன்னு ரெண்டு வடிவத்துல வரும். உயிர் இல்லாத வேதியியல் பண்ணுனா ரெண்டும் கிட்டத்தட்ட சமமாத்தான் வரும். 1969ல ஆஸ்திரேலியாவுல முர்ச்சிசன்ங்கிற ஊர்ல விழுந்த விண்கல்லுல அமினோ அமிலங்கள் (புரோட்டீன் சங்கிலியோட துண்டுகள் இந்த வகைதான்) கிடைச்சுச்சு, பெரும்பாலும் ரெண்டும் கலந்துதான். ஆனா பூமியில எந்தப் புரோட்டீனை எடுத்தாலும் அதுல கோத்திருக்கிறது அநேகமா எல்லாமே இடது. வாசல்ல இடது செருப்பு மட்டும் ஆயிரம் குவிஞ்சு கிடந்தா யாரோ பொறுக்கி வச்சிருக்காங்கன்னு தெரிஞ்சிடும், அவங்க யாரு, என்ன சாப்பிடுவாங்க, தண்ணி குடிப்பாங்களா மீத்தேன் குடிப்பாங்களான்னு தெரியணும்னு இல்ல.

நாசா இப்ப டிராகன்ஃபிளைன்னு ஒரு பறக்கும் கருவி தயார் பண்ணிக்கிட்டு இருக்கு, எட்டு விசிறி வச்ச ட்ரோன், கார் அளவு இருக்கும், 2028ல ஏவி 2034ல டைட்டன்ல இறக்கத் திட்டம். அங்க இருந்து சிக்னல் நம்மகிட்ட வரவே ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும், அதனால அது தானாவே இடம் பாத்து இறங்கி, தரையைத் துளைச்சு, தூளை உறிஞ்சி எடுத்து, உள்ள இருக்கிற கருவியில போட்டுப் பாக்கும். அந்தக் கருவி எண்ணிப் பாக்கப் போறதுல ஒண்ணு, இடது எத்தனை வலது எத்தனைங்கிறது. அக்கா பையனுக்கு அப்ப இருபத்தஞ்சு வயசு கிட்ட ஆயிருக்கும், முடிவு வந்த அன்னைக்கு முதல்ல யாரு யாருக்கு ஃபோன் பண்றதுன்னு இப்பவே பந்தயம் கட்டியிருக்கோம்.